என் ஓட்டு விழாது

வாஷிங்டன்
செப்டம்பர் 12

அன்புள்ள லவோன் அக்காவுக்கு,

ஐந்து நாளாக நீ போனை எடுக்கவில்லை. முதல் இரண்டு நாள் தோட்டத்தில் இருப்பாய் என்று நினைத்துக்கொண்டேன். மூன்றாம் நாள் அத்தான் எடுத்தார். "அவ வெளிய போயிருக்கா ராய்ஸ்" என்றார். பின்னால் நீ பாத்திரத்தைப் போட்டு உருட்டுகிற சத்தம் நன்றாகவே கேட்டது. முப்பது வருஷமாகப் பிறருடைய பொய்களைக் கேட்டுத் தீர்ப்புச் சொன்ன மனிதர், சொந்தமாக ஒன்று சொல்லத் தெரியவில்லை, பாவம்.

அதனால் கையால் எழுதுகிறேன். மின்னஞ்சல் அனுப்பலாம்தான். ஆனால் என் அலுவலகத்தில் என் மின்னஞ்சலை எட்டுப் பேர் படிக்கிறார்கள், ஒன்பதாவதாக நான் படிக்கிறேன். இந்தக் கடிதத்தை நானே நடந்துபோய்ப் பெட்டியில் போடுவேன்.

உச்ச நீதிமன்ற நீதிபதி இறந்த செய்தி திங்கட்கிழமை மாலை ஆறு மணிக்கு வந்தது. ஏழரைக்குள் எங்கள் கட்சியின் செனட் தலைவர் பிரெஸ்காட் அறிக்கை விட்டுவிட்டார், தேர்தலுக்கு முன்பே அந்த இடத்தை நிரப்பிவிடுவோம் என்று. பிணத்தை வீட்டிலிருந்து எடுக்கக்கூட இல்லை அக்கா. அந்த அறிக்கை வந்த நிமிஷத்திலிருந்து டி.வி.க்காரர்கள் என்னைத்தான் காட்டுகிறார்கள். எட்டு வருஷத்துக்கு முந்தைய ராய்ஸ் ஆசென், தலையில் முடியோடு, தொப்பை இல்லாமல், விரலை நீட்டிச் சொல்கிறான்: "தேர்தல் வருஷத்துல நீதிபதி நியமனம் கூடாது. ஜனங்க முதல்ல தீர்மானிக்கட்டும். நாளைக்கு எங்க கட்சி ஜனாதிபதி இருந்தாலும் இதையேதான் சொல்வேன்." இதுவரை நாற்பது தடவையாவது பார்த்திருப்பேன். நன்றாகத்தான் பேசியிருக்கிறேன், அதுதான் தொல்லை.

லிஃப்டில் நிருபர்கள், கார் நிறுத்துமிடத்தில் நிருபர்கள், முடிதிருத்துகிற இடத்தில்கூட ஒருத்தி. போனைக் காதில் வைத்துக்கொண்டு, யாரும் இல்லாத பேச்சுக்கு "ம், ம்" கொட்டியபடி நடக்கக் கற்றுக்கொண்டிருக்கிறேன்.

நீ கேட்கப்போவது எனக்குத் தெரியும். இன்னும் கேட்காதே. நவம்பரில் என் தேர்தலும் இருக்கிறது, இழுபறி என்கிறார்கள். ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். நான் முடிவெடுப்பதற்கு முன்னால் என்னைப்பற்றி நீ முடிவெடுத்துவிடாதே.

உன் தம்பி
ராய்ஸ்


மேவில், வட டகோட்டா
செப்டம்பர் 18

டேய் ராய்ஸ்,

பாத்திரம் உருட்டியது வேண்டுமென்றுதான். உனக்குக் கேட்கவேண்டும் என்றுதான் உருட்டினேன்.

டி.வி.யில் நீ என்ன சொன்னாய் என்பது எனக்கு முக்கியமில்லை. டி.வி.யில் எல்லோரும் ஏதாவது சொல்வார்கள். நீ என் சமையலறையில் சொன்னதுதான் எனக்கு முக்கியம். உனக்கு மறந்திருக்கும், அதனால் எழுதுகிறேன்.

எட்டு வருஷத்துக்கு முன்னால் இதேபோல் ஓர் இடம் காலியானது. அப்போது ஜனாதிபதி உன் எதிர்க்கட்சி. ஏப்ரலில் உன் அத்தானை நியமிப்பதாக அறிவித்தார். ஃபார்கோவில் மேல்முறையீட்டு நீதிபதியாக இருந்த லோவல் பிரெக்கெ, எந்தக் கட்சிக்கும் கொடி பிடிக்காதவர், உங்கள் ஆட்களே பாராட்டிய தீர்ப்புகள் எத்தனையோ. நான் முட்டாள்தனமாகச் சந்தோஷப்பட்டேன். நியமனத்தை விசாரிக்கிற செனட் குழுவிலேயே தம்பி இருக்கிறான், இனி என்ன என்று நினைத்தேன்.

இருநூற்றுப் பதினொரு நாள் காத்திருந்தோம். விசாரணை இல்லை, ஓட்டு இல்லை, ஒரு மண்ணும் இல்லை. நியமிக்கப்பட்டவர் ஒவ்வொரு செனட்டரின் அறைக்கும் போய் மரியாதைக்குப் பார்ப்பது உங்கள் ஊர் வழக்கம் அல்லவா? லோவல் நீலக் கோட்டு போட்டுக்கொண்டு அங்கே வந்தார். எழுபது பேர் அறையில் உட்காரவைத்துக் காபி கொடுத்தார்கள், ஓட்டுப் போடமாட்டேன் என்று சொன்னவர்கள்கூட. உன் அறை வாசலில் இருபது நிமிஷம் உட்கார்ந்திருந்தார். உன் வரவேற்பாளப் பெண் பொட்டலத்தில் சூரியகாந்தி விதை கொடுத்தாளாம். பிறகு "செனட்டர் அவசரமா வெளிய போயிட்டார் சார்" என்றாளாம். நீ பக்கத்துக் கதவு வழியாக நழுவினாய்.

வீட்டுக்கு வந்து என்னிடம், "ராய்ஸுக்கு ஏதோ அவசர வேலை" என்றுதான் சொன்னார். இரண்டு வருஷம் கழித்துத்தான் உண்மையைச் சொன்னார். கதவுக்குப் பின்னால் உன் குரல் கேட்டதாம்.

அந்த நவம்பரில், எல்லாம் முடிந்தபின், நன்றியறிதல் நாள் விருந்துக்கு வந்தாய். நான் கதவைத் திறக்கவில்லை, அவர்தான் திறந்தார். நீ அடுப்பு ஓரத்தில் நின்று சொன்னாய்: "அக்கா, இது அத்தானைப் பத்தின விஷயமே இல்ல. இது ஒரு கொள்கை. என் கட்சிக்கே இது பாதகமா வந்தாலும் இப்படித்தான் நிப்பேன். சத்தியமா." அத்தான் உனக்குக் காபி ஊற்றிக்கொடுத்து, "நியாயந்தான்" என்றார். அந்த ஒரு வார்த்தையை நம்பித்தான் அன்றைக்கு உனக்குச் சாப்பாடு போட்டேன். எட்டு வருஷமாகப் போட்டுக்கொண்டிருக்கிறேன்.

இப்போது உங்கள் கட்சி ஜனாதிபதி அந்த இடத்துக்கு அறிவித்திருக்கிற அம்மாமேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை. நல்லவளாகவே இருக்கட்டும். எனக்குத் தெரியவேண்டியது ஒன்றுதான். அன்றைக்கு நீ சொன்னது கொள்கையா, இல்லை வாய்க்கு வந்ததா? கொள்கை என்றால் உன் அத்தான் ஒரு நியாயத்துக்காகத் தோற்றார். அதை எங்களால் சுமக்க முடியும், சுமந்துவிட்டோம். இல்லையென்றால் சொந்த மச்சினன் அவரைச் சும்மா, ஒன்றுமே இல்லாததற்காக வாசலில் உட்காரவைத்தான். அதை நான் எங்கே கொண்டுபோய் வைப்பது?

பதிலை எழுது. போன் வேண்டாம். உன் குரலைக் கேட்டால் நான் இளகிவிடுவேன், அது உனக்கும் தெரியும்.

லவோன்


வாஷிங்டன்
செப்டம்பர் 27

அன்புள்ள அக்கா,

கடிதத்தை நான்கு நாளாகக் கோட்டுப் பையில் வைத்துக்கொண்டு திரிகிறேன்.

முதலில் கதவு விஷயம். நான் உடனே நழுவவில்லை. நழுவியிருந்தால்கூடத் தேவலை. அன்றைக்கு அந்தக் கதவோடு ஒட்டி நின்றுகொண்டே இருந்தேன். இடுக்கு வழியாக அத்தானின் முழங்கால் தெரிந்தது, அதன்மேல் தொப்பி. ஒரு விதையை எடுத்துக் கடித்து, தோலைக் கைக்குட்டையில் துப்பி, மடித்துப் பையில் வைத்தார். தரையில் போடவில்லை. அதைப் பார்த்தபின்தான் பக்கத்துக் கதவைத் திறந்தேன். இதை யாரிடமும் சொன்னதில்லை.

அப்போது ஏன் வெளியே வந்து கையைக் குலுக்கவில்லை என்றால், கட்சியில் ஒரே உத்தரவு: யாரும் சந்திக்கக் கூடாது. மற்றவர்கள் மீறினார்கள், உண்மைதான். நான் மீறினால் 'சொந்தக்காரன் பாசம்' என்பார்கள். அதற்குப் பயந்து மற்ற எல்லோரையும்விடக் கடுமையாக இருந்தேன்.

இப்போது இங்கே நடப்பதைக் கேள். செவ்வாய்க்கிழமை பிரெஸ்காட் கூப்பிட்டனுப்பினார். மனிதர் மிரட்டவே மாட்டார். நாற்காலியை எனக்கு நெருக்கமாக இழுத்துப்போட்டுக்கொண்டு, "உங்க ஊர்ல சர்க்கரை பீட்ரூட் எப்படி இந்த வருஷம்?" என்று கேட்டார்.

"நல்லா இருக்கு. ஒண்ணாம் தேதி அறுவடை ஆரம்பிக்கிறாங்க."

"சந்தோஷம். வெளிநாட்டுச் சர்க்கரையத் தடுக்கிற சட்டம் டிசம்பர்ல புதுப்பிக்கணுமில்ல? நம்ம ஆளுங்க சில பேருக்கு அது பிடிக்கவே மாட்டேங்குது. நான்தான் இத்தனை வருஷமா அவங்கள அடக்கி வச்சிருக்கேன்."

அவ்வளவுதான் பேச்சு. பிறகு தன் பேத்தியின் படத்தைக் காட்டினார். நான் அழகாக இருக்கிறாள் என்றேன்.

அந்தச் சட்டம் போனால் நம் பள்ளத்தாக்கில் யார் வீட்டில் விளக்கு எரியும்? நட்சன் வீடு, ஸ்ட்ராண்ட் வீடு, ஆலையில் வேலை செய்கிற பாதி ஊர். ஆதரித்தால் நீ போய்விடுவாய். எதிர்த்தால் ஊர் போய்விடும். இரண்டு பக்கமும் கதவு இருக்கிறது, இரண்டுக்கும் வெளியிலிருந்து தாழ்ப்பாள் போட்டிருக்கிறார்கள்.

மூன்று இரவாக யோசித்துவிட்டேன். அக்கா, அந்த அம்மாவுக்கு ஆதரவாக என் ஓட்டு விழாது. இதை அத்தானிடம் சொல். நீ வாசித்துக் காட்டினாலும் சரி, தாளையே கொடுத்தாலும் சரி. வெளியில் மட்டும் இப்போதைக்கு ஒருவருக்கும் சொல்லவேண்டாம்.

ராய்ஸ்


மேவில்
அக்டோபர் 4

தம்பி ராய்ஸ்,

கடிதம் ஒன்றாம் தேதி வந்தது. அத்தான் தபால் பெட்டிக்குப் பக்கத்திலேயே நின்று படித்தார். தெருவில் பீட்ரூட் லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டிருந்தன, தூசி முகத்தில் அடித்ததைக்கூடக் கவனிக்கவில்லை. மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு உள்ளே வந்து, "பையன் தேறிட்டான்" என்றார். உனக்கு அறுபத்தொரு வயது, இன்னும் அவருக்குப் பையன்தான். அன்றைக்கு மதியம் அவர் விசில் அடித்ததைக் கேட்டேன். சுதி சேராத விசில். எட்டு வருஷமாகக் காணாமல்போயிருந்தது. வீட்டுக்குள் விசில் அடிக்காதீர்கள் என்று எப்போதும் கத்துகிறவள், அன்றைக்கு வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

நான் யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் நம் ஊரில் சொல்லாமலே பரவும். நேற்று சர்ச்சில் லூட்டஃபிஸ்க் மீன் விருந்து. நான் வழக்கம்போல உருளைக்கிழங்கு ரொட்டிக்கு வெண்ணெய் தடவும் மேசையில் நின்றேன். ஆர்டித் நட்சன் தட்டோடு வந்து நின்றாள்.

"ஏன் லவோன், உன் தம்பிக்குப் புத்தி கித்தி பிசகிப்போச்சா? இன்னும் வாயத் தொறந்து ஆமான்னு சொல்லமாட்டேங்கிறான்?"

"அவனுக்குப் புத்தி எப்ப நேரா இருந்துச்சு ஆர்டித்? நீதான் அவனோட பள்ளிக்கூட நடன விருந்துக்குப் போனவ, உனக்குத் தெரியாததா?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. "எங்களுக்கு எண்ணூறு ஏக்கர் பீட்ரூட்டு தரைல கிடக்கு. அத அவன்கிட்ட சொல்லு" என்றாள். ரொட்டியை எடுக்காமல் போனாள்.

இன்னொன்று. நான் சுட்டுக்கொண்டுபோன எலுமிச்சைக் கேக்குத் தட்டு முழுசாகத் திரும்பி வந்தது. ஒரு துண்டுகூட யாரும் தொடவில்லை. நம் ஊரில் இதற்கு என்ன அர்த்தம் என்று உனக்கு விளக்கத் தேவையில்லை. திருடிவிட்டுச் சிறைக்குப் போனானே ஹெல்மர், அவன் மனைவியின் தட்டே பாதி காலியாகித்தான் திரும்பியது. முப்பத்தெட்டுத் துண்டு. அத்தான் நான்கு நாளைக்கு வைத்துச் சாப்பிடுவதாகச் சொல்லிவிட்டார்.

பரவாயில்லை ராய்ஸ். இன்னும் நாலு தட்டு திரும்பி வரட்டும். உனக்கு அங்கே எவ்வளவு நெருக்கடி என்று எனக்கு இப்போதுதான் புரிகிறது. போன கடிதத்தில் கொஞ்சம் அதிகமாகவே கடித்துவிட்டேன். நீ அந்தக் கதவுக்குப் பின்னால் நின்றதைப் பற்றி அத்தானிடம் கேட்டேன். "அவனுக்கும் அன்னிக்கு கால் வலிச்சிருக்கும்" என்றார், அவ்வளவுதான்.

சாப்பிடு. டி.வி.யில் கன்னம் ஒட்டி இளைத்துத் தெரிகிறாய்.

அன்புடன்
அக்கா


வாஷிங்டன்
அக்டோபர் 16

அன்புள்ள அக்கா,

ஒரு வழி பிறந்திருக்கிறது. அவசரமாக எழுதுகிறேன்.

செனட்டர் பென்ராய் அம்மாவை உனக்குத் தெரியும். எதிர்க்கட்சி, எண்பத்தொரு வயது, ஒருமுறை நம் ஊர் வந்து உன் கையால் அரிசிக் கஞ்சி சாப்பிட்டவர். புதன்கிழமை படியில் விழுந்து இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது. வியாழக்கிழமை, அதாவது இருபத்திரண்டாம் தேதி, ஓட்டெடுப்பு. அவரால் வர முடியாது. கட்டிலில் படுத்துக்கொண்டு அழுகிறாராம், இந்த ஓட்டைப் போட முடியாமல் போகிறதே என்று.

இங்கே ஒரு பழைய வழக்கம் உண்டு. வர முடியாத ஒருவருக்கு எதிர்ப்பக்கத்துக்காரர் ஒருவர் ஜோடி சேர்ந்துகொள்ளலாம். அவர் ஓட்டும் இல்லை, இவர் ஓட்டும் இல்லை, இரண்டும் ஒன்றையொன்று கழித்துக்கொள்ளும். இப்போதெல்லாம் யாரும் செய்வதில்லை. ஒருவர்மேல் ஒருவருக்கு மரியாதை இருந்த காலத்து வழக்கம். நான் அவருக்கு ஜோடியாக நிற்கிறேன் என்று சொல்லியனுப்பிவிட்டேன். ஆஸ்பத்திரியிலிருந்து அவரே போன் செய்தார். "நீ நல்ல மனுசன்டா ராய்ஸ்" என்றார். வலிமருந்து மயக்கத்தில்தான் சொன்னார் என்றாலும் கேட்க நன்றாக இருந்தது.

நான் ஓட்டே போடப்போவதில்லை. சொன்ன சொல் நிற்கிறது. பிரெஸ்காட்டும் ஒன்றும் சொல்லவில்லை, தோளில் தட்டினார். ஊரில் பீட்ரூட்டுக்கும் பங்கமில்லை. ஆர்டித் இனி உன் கேக்கைச் சாப்பிடுவாள்.

ஒரு மாதத்துக்குப் பிறகு நேற்றுத்தான் முழுசாகத் தூங்கினேன்.

ராய்ஸ்


மேவில்
அக்டோபர் 20
(விரைவுத் தபால்)

ராய்ஸ்,

உன் அலுவலகத்துக்கு இன்று ஐந்து முறை போன் செய்தேன். ஐந்து முறையும் நீ கூட்டத்தில் இருக்கிறாய். போன் வேண்டாம் என்று சொன்ன வாயாலேயே கெஞ்சினேன், உன் வரவேற்பாளப் பெண் என் பெயரையும் எண்ணையும் புதிதாகக் கேட்டு எழுதிக்கொண்டாள். அதனால் இதை விரைவுத் தபாலில் அனுப்புகிறேன். நாளை மாலை உன் கையில் கிடைக்கவேண்டும்.

நான் இருபத்தாறு வருஷம் கவுண்டித் தேர்தல் அலுவலகத்தில் ஓட்டு எண்ணியவள். என்னிடம் இந்தக் கணக்கை அனுப்பியிருக்கக் கூடாது நீ. சர்ச் அறிக்கைத் தாளின் பின்பக்கத்தில் போட்டுப் பார்த்தேன். அதை அப்படியே எழுதுகிறேன்.

உங்கள் கட்சி ஐம்பத்திரண்டு பேர். அதில் இரண்டு பேர் வெளிப்படையாகவே எதிர்ப்பதாகச் சொல்லிவிட்டார்கள். மிச்சம் ஐம்பது, உன்னையும் சேர்த்து. அந்தப் பக்கம் நாற்பத்தெட்டோடு இந்த இரண்டு, ஐம்பது. பென்ராய் அம்மா படுத்துவிட்டதால் நாற்பத்தொன்பது.

நீ எதிர்த்து ஓட்டுப் போட்டால்: ஆதரவு நாற்பத்தொன்பது, எதிர்ப்பு ஐம்பது. அந்த அம்மா நீதிபதியாக முடியாது. தேர்தல் முடியும்வரை இடம் காலியாக இருக்கும். நீ அத்தானுக்குச் சொன்னபடி.

நீ ஜோடி சேர்ந்து ஒதுங்கினால்: நாற்பத்தொன்பதுக்கு நாற்பத்தொன்பது. சமமானால் துணை ஜனாதிபதி ஓட்டுப் போடுவார். அவர் எந்தக் கட்சி ராய்ஸ்?

பிரெஸ்காட் தோளில் ஏன் தட்டினார் என்று இப்போது தெரிகிறதா? உனக்குத் தெரியாமல் இருக்குமா?

இன்னொன்றையும் நீ எழுதவில்லை. காலைச் சாப்பாட்டில் அத்தான்தான் சொன்னார். ஜோடி நிற்கிறவர் சபையில் எழுந்து, "எனக்கு ஓட்டுப் போடும் சுதந்திரம் இருந்தால் ஆதரித்தே போட்டிருப்பேன்" என்று வாயால் சொல்லவேண்டுமாம். எதிர்க்கிற ஆளோடு ஆதரிக்கிற ஆள்தானே ஜோடி சேர முடியும்? அதைச் சொல்லிவிட்டு அத்தான் முட்டையை உரித்துக்கொண்டே இருந்தார். உரித்த முட்டையைச் சாப்பிடவில்லை.

ஒரு கிழவியின் ஒடிந்த இடுப்பைப் படியாக வைத்து ஏறப் பார்க்கிறாய். அவருக்கு நல்லது செய்ய நினைத்தால் அவர் போட விரும்பிய ஓட்டை நீ போடு. அவர் அழுகை நிற்கும்.

இன்னும் நாள் இருக்கிறது. எழுந்து நின்று 'எதிர்க்கிறேன்' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஊர் என்னோடு பேசாமல் போகட்டும். பீட்ரூட் போகட்டும். நீ தோற்று வீட்டுக்கு வா, மாடி அறையைச் சுத்தம் செய்து வைக்கிறேன், வாழ்நாள் பூராவும் உனக்குச் சோறு ஆக்கிப் போடுகிறேன். உன்னைக் கெஞ்சுகிறேன்டா.

லவோன்


வாஷிங்டன்
அக்டோபர் 23

அக்கா,

டி.வி.யில் பார்த்திருப்பாய்.

உன் கடிதம் புதன்கிழமை மாலையே வந்தது. தாமதமாக வந்தது என்று எழுதலாமா என்று ஒரு நிமிஷம் யோசித்தேன். வேண்டாம். வந்தது. படித்தேன். வியாழக்கிழமை சபைக்குள் போவதற்கு முன் கோட்டு மாட்டும் அறையில் நின்று மறுபடியும் படித்தேன். கணக்கில் ஒரு பிழையும் இல்லை. பென்ராய் அம்மா விழுந்த அன்று சாயங்காலமே எனக்கு அந்தக் கணக்குத் தெரியும். அவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்குள் பிரெஸ்காட்டுக்குத் தெரிந்துவிட்டது.

என் பெயரைக் கூப்பிட்டார்கள். எழுந்தேன். 'எதிர்க்கிறேன்' என்ற சொல் நாக்கு நுனிவரை வந்தது, அதை நீ நம்பினாலும் சரி, நம்பாவிட்டாலும் சரி. முன் வரிசையில் பிரெஸ்காட் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார், என் பக்கம் பார்க்கக்கூட இல்லை. பார்க்கத் தேவையில்லை என்று அவருக்குத் தெரிந்திருந்தது. எழுதிவைத்திருந்த வாக்கியத்தைச் சொன்னேன். "சுதந்திரம் இருந்தால் ஆதரித்திருப்பேன், என் ஓட்டை நிறுத்திவைக்கிறேன்." குரல் நடுங்கவில்லை. அதுதான் இப்போது பயமாக இருக்கிறது.

பிறகு துணை ஜனாதிபதி தன் ஓட்டைப் போட்டார், முடிந்தது. இரண்டு கட்சிக்காரர்களும் வந்து கைகுலுக்கினார்கள். பெருந்தன்மை, பழைய கால நாகரிகம் என்று பத்திரிகைகள் எழுதுகின்றன. பென்ராய் அம்மாவின் கணவர் பூ அனுப்பியிருக்கிறார். எல்லோருக்கும் என்னைப் பிடித்திருக்கிறது. இந்தப் பதினெட்டு வருஷத்தில் இப்படி ஒரு வாரம் இருந்ததில்லை. பூச்செண்டை அறையில் வைத்துக்கொள்ள முடியவில்லை, வெளியே வரவேற்பு மேசையில் வைக்கச் சொல்லிவிட்டேன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். செப்டம்பரில் உனக்கு எழுதிய கடிதத்தில் முதலில் 'எதிர்த்து ஓட்டுப் போடுவேன்' என்றுதான் எழுதினேன். படித்துப் பார்த்தேன். அந்தத் தாளைக் கிழித்துவிட்டு, புதுத் தாள் எடுத்து, 'ஆதரவாக என் ஓட்டு விழாது' என்று எழுதினேன். அப்போது பென்ராய் அம்மா விழவில்லை, ஜோடி என்ற நினைப்பே இல்லை. கொஞ்சம் மென்மையாக இருக்கட்டும் என்று மாற்றியதாக எனக்கே சொல்லிக்கொண்டேன். செனட்டுக்கு வருமுன் வக்கீலாக இருந்த கை, தானாகவே ஒரு சந்து விட்டு எழுதியிருக்கிறது. நான் பார்த்தேன், பார்த்தும் உறையை ஒட்டினேன்.

கேட்க வாயில்லை, ஆனாலும் கேட்கிறேன். தேர்தல் முடிவு வரும் மூன்றாம் தேதி இரவு ஃபார்கோ ஓட்டலில் மேடை. மேடையில் மனைவியாக நின்ற எலெய்ன் போனபிறகு என் பக்கத்தில் நிற்க நீதான் இருக்கிறாய். நீ இல்லாவிட்டால் ஏன் இல்லை என்று கேட்பார்கள், பழைய கதையைத் தோண்டுவார்கள், அத்தான் வீட்டு வாசலுக்குக் கேமராவோடு வருவார்கள். அவருக்காகவாவது வா. ஒன்றும் பேசவேண்டாம். நின்றால் போதும்.

ராய்ஸ்


மேவில்
அக்டோபர் 28

ராய்ஸ்,

மேடைக்கு வரமாட்டேன். கேமரா வந்தால் அத்தான் கதவைத் திறந்து உட்காரச் சொல்லுவார், அது அவர் வழக்கம்.

வியாழக்கிழமை நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்துதான் பார்த்தோம். நீ உட்கார்ந்தபின் அத்தான் டி.வி.யை அணைத்துவிட்டு, குளிரைத் தடுக்கிற வெளிப்பக்க ஜன்னல்களை மாட்டுவதற்கு ஏணியை எடுத்துக்கொண்டு போனார். நானும் கீழே நின்று ஏணியைப் பிடித்துக்கொண்டேன். பன்னிரண்டு ஜன்னல். ஆர்டித் ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். "உன் தம்பி தங்கம்" என்றாள். நான் அவளைத் தள்ளிவிடவில்லை, மரம் மாதிரி நின்றேன்.

உனக்குத் தெரியாத ஒன்றை எழுதிவிட்டு நிறுத்திக்கொள்கிறேன். எனக்கே இந்த மாதம்தான் தெரிந்தது.

ஆறு வருஷத்துக்கு முன் நடந்த உன் தேர்தலில் அத்தான் உன் பெயருக்கு நேரே இருந்த கட்டத்தை நிரப்பவில்லையாம். உன் எதிரிக்கும் போடவில்லை, உனக்கும் போடவில்லை. சும்மா விட்டிருக்கிறார். என்னிடம் சொல்லவில்லை, நான் வருத்தப்படுவேன் என்று. இந்த வருஷம் தபால் ஓட்டுச் சீட்டுகள் செப்டம்பர் கடைசியிலேயே வந்துவிட்டன. மேசைமேல் கிடந்தன. நான் தொடவில்லை. ஒன்றாம் தேதி உன் கடிதம் வந்ததும், அவர் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, நின்றபடியே, எல்லாவற்றுக்கும் முன்னால் உன் பெயருக்கு நேரே கட்டத்தை நிரப்பினார். "இந்தா லவோன், நீயும் போடு" என்று என் கையில் பேனாவைக் கொடுத்தார். மறுநாள் இரண்டு உறைகளையும் அவரே தபால் நிலையத்துக்குக் கொண்டுபோனார். கார் எடுக்கவில்லை, நடந்துபோனார்.

நேற்று உன் கடிதம் வந்தபின் கவுண்டி அலுவலகத்துக்குப் போன் செய்தேன். கார்லா எடுத்தாள். அனுப்பிய ஓட்டைத் திரும்ப வாங்க முடியுமா என்று கேட்டேன். சிரித்தாள்.

"என்ன லவோன், என்னச் சோதிக்கிறீங்களா? உறைய ஒட்டிக் கையெழுத்துப் போட்டு அனுப்பியாச்சுன்னா அவ்ளோதான். நீங்கதான எனக்குச் சொல்லிக்குடுத்தீங்க?"

ஆமாம், நான்தான் என்றேன்.

ஆகையால் மூன்றாம் தேதி நீ ஜெயித்தால், நான் பக்கத்தில் இல்லையே என்று கவலைப்படாதே. அந்த எண்ணிக்கையில் நானும் இருப்பேன், உன் அத்தானும் இருப்பார். எண்ணுகிறவர்களால் எங்களைப் பிரித்தெடுக்க முடியாது.

இன்று காலை காபி குடிக்கும்போது அத்தான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே, "நம்ம ஓட்டு இந்நேரம் அவங்க கைக்குக் கிடைச்சிருக்குமா?" என்று கேட்டார்.

அப்போதே கிடைத்துவிட்டது என்று சொன்னேன்.

லவோன்